வடக்குக் கோட்டோரம்

முதல் சுற்றில் ஜெயித்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரணிக்காரர்கள் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது, களைத்துப்போய் இறங்கினார்கள், அதனால்தான் என்றார்கள். இரண்டாவது சுற்றில் பெனால்ட்டியில் தப்பித்தபோது குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். மூன்றாவது சுற்றில், இரண்டு படி மேலே ஆடுகிற கிளப் ஒன்றைச் சேற்றில் புரட்டியெடுத்து ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வழியனுப்பிய பிறகுதான் ஊர் வாயடைத்துப் போனது. தேசியக் கால்பந்துக் கோப்பை அப்படிப்பட்டது. தோற்றால் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெயித்தால் அடுத்து யாரோடு என்று குலுக்கிப் போடுவார்கள். வெல்டரும் தபால்காரரும் லாரி மெக்கானிக்கும் ஆடுகிற அணியின் சீட்டும், நாட்டுக்காக ஆடுகிறவர்கள் நாலு பேர் இருக்கிற அணியின் சீட்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும்.

நாலாவது சுற்றுக் குலுக்கலை கிளப் அறையின் டிவியில் பார்த்தார்கள். முதலில் வந்தது அவர்கள் சீட்டு. முதலில் வந்தால் சொந்த மைதானத்தில் ஆட்டம். அடுத்து வந்த சீட்டைப் பிரித்தார்கள். போன வருடம் கோப்பையைத் தூக்கிய அணி.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் முதலில் நினைத்தது மழையை. அவளை எல்லாரும் மைதானத்து அக்கா என்பார்கள். பதினாலு வருடமாக அந்தப் புல்வெளி அவள் பொறுப்பு. கூட்டிப் பெருக்க வந்தவள். பழைய ஆள் வேலையை விட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை புல்லை வெட்டு என்றார்கள். வேறு ஆளை யாரும் தேடவே இல்லை. அணியின் கேப்டன் அவளுடைய சொந்தத் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, இவள்தான் வளர்த்தாள். இப்போது மனைவியோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் அக்கா வீட்டு மாடியிலேயே இருக்கிறான். பகலில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வெல்டிங். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பொறி பட்ட தழும்புகள்.

அவள் பயந்த மழை வந்தது, பத்து நாள் விடாமல். கணவன் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலைக்காரன். விடியுமுன் வேலைக்குப் போகிறவன், பகல் பதினோரு மணிக்கு மீந்த ரொட்டியோடு மைதானத்துக்கே வந்து, குடை பிடித்துக்கொண்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்து நிற்பான். தன்னைக் கட்டிக்கொண்டதற்குப் பதில் இவள் ஒரு வயலைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பான். அவள் சிரிக்கக்கூட நேரமில்லாமல் ரொட்டியை மென்றுகொண்டே திரும்பிப் போவாள். தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளுவாள். பிறகு கை நீளக் கம்பியால் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, நீர் இறங்க வழி விடுவாள். கம்பி இறங்கும்போது முதலில் வேர் தடுக்கும், பிறகு மண், அதற்கும் கீழே சரளை. பதினாலு வருடத்தில் அவள் கைக்கு அது மனப்பாடம்.

ஆட்டம் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை, வடக்குக் கோட்டோரத்தில் குத்திய கம்பி வேரைத் தாண்டியதும் தடையே இல்லாமல் கைப்பிடிவரை இறங்கிவிட்டது. அவள் குப்புற விழப் பார்த்தாள். சமாளித்து மண்டியிட்டு, ஈரப் புல்லில் காதை வைத்தாள். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

நாலு எட்டு தள்ளி தச்சர்கள் பலகை கேலரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்டத்துக்கென்றே போடுகிற கேலரி, நானூறு பேர் உட்காரலாம். அந்த இடத்தில் முன்னொரு காலம் தோல் பதனிடும் தொழிற்சாலை இருந்ததும், கழிவுநீர் போகச் செங்கல் வாய்க்கால் ஒன்று பூமிக்கடியில் இருந்ததும் அவள் காதில் விழுந்த சேதிதான். எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கிளப் செயலாளர் பெயின்ட் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் இதே அணிக்கு கோல்கீப்பர். வலது கையில் இரண்டு விரல் இன்னும் கோணல். அவள் சொன்னதைக் கேட்டு எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார். எவ்வளவு பெரிய பள்ளம் என்று கேட்டார். தெரியாது என்றாள். கேலரிக்குக் கீழே போகிறதா என்றார். அதுவும் தெரியாது என்றாள்.

"வெளிய தெரிஞ்சா அடுத்த நிமிஷம் ஆட்டத்தை அவங்க மைதானத்துக்கு மாத்திடுவாங்க. அங்க போனா நம்ம பசங்களை மென்னு துப்பிடுவான். இங்க, இந்தச் சேத்துல, நம்ம ஜனம் கத்துற கத்துல, நூத்துல ஒரு வாய்ப்பு இருக்கு. மணலைப் போட்டு நிரப்பும்மா. சனிக்கிழமை முடியட்டும், ஞாயித்துக்கிழமை நானே வந்து மண்வெட்டி பிடிக்கிறேன்."

அவர் ஏமாற்றிப் பேசவில்லை. உண்மையாகவே வருவார் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று பதினோரு தள்ளுவண்டி மணல் போட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு சாண் இறங்கியிருந்தது. இன்னும் ஒன்பது வண்டி போட்டு நிரவினாள். பயிற்சித் திடலின் மூலையிலிருந்து புல்லோடு மண்ணைப் பாய் மாதிரி வெட்டி எடுத்து வந்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, முழங்கையால் அழுத்தி மூடினாள். எழுந்து நின்று பார்த்தபோது எது பழையது, எது புதியது என்று அவளுக்கே தெரியவில்லை. தன் கைவேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது அந்தப் பெருமைதான்.

தம்பியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, குழந்தையை மாடியில் விட்டுவிட்டு, அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தான். அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுத் தட்டை நீட்டியபடி சொன்னாள். அவன் முதலில் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

"எலி வளையா இருக்கும்க்கா."

"எலி வளையில தண்ணி ஓடாதுடா."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். முட்டையின் மஞ்சள் கருவை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தான்.

"நீ யார்கிட்ட சொல்லப் போற?"

"யார்கிட்ட சொல்லணும்னுதான் உன்னைக் கேக்குறேன்."

"அக்கா, எனக்கு முப்பத்தஞ்சு ஆகப் போகுது. முட்டி ரெண்டும் போச்சு. போன ரெண்டு ஆட்டமும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இறங்கினேன், உனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் நான் ஆட மாட்டேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இந்த ஒரு ஆட்டத்தை எங்கிட்டேர்ந்து எடுத்துடாத."

கேட்கத் தெரியாத பிள்ளை அவன். சின்ன வயதில் கிழிந்த ஷூவுக்குள் அட்டையை வெட்டி வைத்து ஆடினானே தவிர, வாங்கிக் கொடு என்று ஒரு நாள் கேட்டதில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான். அவள் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள். சரி என்று வாயால் சொல்லவில்லை. அவன் புரிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடுவர் தரையைச் சோதிக்க வந்தார். ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தார். குதிகாலால் மிதித்தார். வடக்குக் கோட்டோரத்தில், சரியாக அவள் பொருத்திய புல் பாயின் மேல், நின்று இரண்டு தடவை பந்தைப் போட்டார். அது ஒழுங்காக எழும்பிக் கைக்கு வந்தது.

புல்லைப் பார்த்துக்கொள்வது யார் என்று நடுவர் கேட்டார். செயலாளர் அவளைக் காட்டினார்.

"பத்து நாள் மழைக்கு அப்புறம் இப்படி ஒரு தரையை நான் பார்த்ததில்லைம்மா," என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். உடை மாற்றும் அறை வாசலில் தம்பி நிற்பது தெரிந்தது. கையில் ஒரு ஷூவோடு, இன்னொரு காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, நிற்கிறவன் அப்படியே நின்றிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். நடுவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டக்காரர்கள் வீட்டாருக்குப் பலகை கேலரியின் முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மத்தியானம் தம்பி மனைவி குழந்தையோடு வந்ததும், அவளை வாசலிலேயே மறித்துத் தெற்குப் பக்கம் தன்னோடு வரச் சொன்னாள்.

"ஏன் அண்ணி? அங்கதானே நல்லாத் தெரியும்?"

"வெயில் மூஞ்சில அடிக்கும். குழந்தைக்கு ஆகாது."

பத்து நாளாக வெயில் என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. தம்பி மனைவி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். எதுவும் கேட்காமல் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மூன்று மணிக்கு விசில் அடித்தது. கேலரியில் நானூறு பேர் என்பது கணக்கு; ஐந்நூறு பேராவது ஏறியிருந்தார்கள். ஊரே பந்தைப் பார்த்தது. அவள் ஒருத்தி மட்டும் எதிர்க் கோட்டோரத்தில் ஒரு பாய் அளவு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தர் கால் அதன் மேல் படும்போதும் மூச்சை அடக்கிக்கொண்டாள். பெரிய அணிக்காரர்கள் முதல் அரைமணி நேரம் பந்தையே கொடுக்கவில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை, தபால் கொடுத்துக் கொடுத்துப் பழகின கோல்கீப்பர், விரல் நுனியால் தட்டிவிட்டார். இடைவேளைவரை கோல் இல்லை.

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் இவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உள்ளே வளைந்து வந்தது. ஊசி போட்ட இரண்டு முட்டியையும் நம்பி தம்பி எழும்பினான். பந்து நெற்றியில் பட்டுப் போய் விழ, வலை ஆடியது.

கேலரி மொத்தமும் ஒரே ஆளாக எழுந்து குதித்தது. பலகையில் கால்கள் விழுந்த சத்தம் எதிர்ப்பக்கம்வரை இடி மாதிரி கேட்டது. தம்பி மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தத் தோளுக்கு மேலாக அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பாய்க்குப் பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர், தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்ட மாதிரி, சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் பொருத்திய விளிம்பு பிளந்து, ஒரு கறுப்புக் கோடு கேலரியின் அடிவரை ஓடியிருந்தது.

கோட்டைத் தொடர்ந்து போன கண் முன்வரிசையில் நின்றது. தம்பி மனைவி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஊர்த் தையல்காரர் மனைவி தன் இரண்டு பெண் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அண்ணி குடுத்தேன்," என்றாள் தம்பி மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இடம் சும்மா கிடக்குதே, பாவம் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க."

சின்னவள் பலகை நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். செயலாளர் விருந்தாளிகளோடு நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. ஜனங்களை இறக்கச் சொன்னாள். அவர் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இருபது நிமிஷம்மா. இருபதே நிமிஷம். இப்ப போய்ச் சொன்னா ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துப் போவாங்க."

அதிலும் நியாயம் இருந்தது. கோட்டோரம் கொடி பிடித்திருந்த துணை நடுவரிடம் போனாள். அந்தக் கூச்சலில் அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தள்ளிப் போகச் சொல்லிக் கையை அசைத்தார். அதற்கு மேல் யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். பதினாலு வருடத்தில், ஆட்டம் நடக்கும்போது அவள் அந்தக் கோட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பாயிலிருந்து பத்தடி தள்ளி, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

விசில் அடித்தது. எல்லாரும் நின்றார்கள். முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு கெட்ட வார்த்தைகள். தம்பி ஓடி வந்தான். நெற்றியில் பந்தின் சேறு இன்னும் இருந்தது.

"அக்கா, எந்திரி."

"மாட்டேன்."

"இன்னும் இருபது நிமிஷம்தான். உன் காலைப் புடிச்சுக் கேக்குறேன். எந்திரி."

"கேலரியைப் பாருடா. அடியில பாரு."

அவன் பார்க்கவில்லை. பார்க்க மறுத்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் நடுவர் வந்து குனிந்தார். அவள் எந்த நடுக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"கீழ பொள்ளலா இருக்கு சார். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். மணலைப் போட்டு மூடினது நான்தான். அந்தப் பலகையில இருக்கறவங்களை மெல்ல, ஒவ்வொரு வரிசையா இறக்குங்க."

நடுவர் கார்னர் கொடியைப் பிடுங்கி வரச் சொன்னார். பாயின் விளிம்பில் கம்பை ஊன்றி லேசாகத்தான் அழுத்தினார். கொடித்துணி புல்லைத் தொடும்வரை அது உள்ளே போனது. கம்பை அப்படியே விட்டுவிட்டு அவர் கேப்டனைக் கூப்பிட்டார்.

ஜனங்களை இறக்கியது தம்பிதான். கேப்டன் சொன்னால்தான் கேட்பார்கள். கேலரிக்கு முன்னால் போய் நின்று, கத்தாமல், வரிசை வரிசையாகக் கையைக் காட்டினான். முன்வரிசைக் குழந்தைகளைத் தானே ஏந்தி இறக்கினான். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கேலரி காலியாகி, எல்லாரும் தூரப் போய் நின்று அதையே பார்த்தார்கள். விழட்டும் என்று காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அது விழவில்லை. அரைமணி நேரம் கழிந்தும் அசையாமல் நின்றது. ஆட்டம் கைவிடப்பட்டது. விதிப்படி அந்த கோல் செல்லாது. முதலிலிருந்து மறுபடி ஆட வேண்டும், எதிரணியின் மைதானத்தில்.

அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சுதான். இன்னும் இருபது நிமிடம் தாங்கியிருக்கும். கடையில், பஸ்ஸில், பட்டறையில் அதையே சொன்னார்கள். யாரோ அவள் வீட்டுச் சுவரில் இருபது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கணவன் அதைத் துடைத்துவிட்டு, எழுதினவன் நல்ல கையெழுத்துக்காரன் என்று மட்டும் சொன்னான். கிளப்பில் கூட்டம் போட்டு அவளைக் கூப்பிட்டார்கள். தெரிந்தே மூடினேன் என்று அங்கேயும் சொன்னாள். மூடச் சொன்னது நான் என்று செயலாளர் எழுந்து சொன்னார், பதவியை விட்டார். தரை சீராகும்வரை அவள் உள்ளே வர வேண்டாம் என்றார்கள்.

தையல்காரர் மனைவி ஒரு நாள் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்க வீட்டு ஆளை மட்டும் அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க."

"ஆமா."

தையல்காரர் மனைவி சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். ஊர் ஏசியதெல்லாம் ஒரு தட்டிலும் இது ஒரு தட்டிலுமாக மைதானத்து அக்காவுக்கு இருந்தது. அன்று அடுப்பு பற்ற வைக்கவில்லை.

புதன்கிழமை மறு ஆட்டம். மூன்று கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இரண்டாவது பாதியில் முட்டி மடங்கி, தம்பியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவன் நேரே மாடிக்குப் போனான். அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு மேலே போனது, தட்டு கழுவிக் கீழே வந்தது. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தம்பி மனைவிதான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய அணி அரையிறுதியில் தோற்றது. கோப்பையை வேறு யாரோ தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தன்று அவர்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

மழைக்காலம் முழுசாகப் போன பிறகு நகராட்சி ஆட்கள் தோண்ட வந்தார்கள். கேலரியைப் பிரித்தால் அதிர்வில் மண் சரியும் என்று, பக்கவாட்டிலிருந்து குடைந்துபோய், முதலில் அடியில் முட்டுக் கொடுத்தார்கள். வாய்க்காலின் குறுக்கே பழைய இரும்புத் தண்டவாளங்கள் கிடந்தன. அவற்றை அறுத்து எடுக்க வெல்டர் வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் அனுப்பினார்கள். பட்டறைக்காரர் தம்பியை அனுப்பினார்.

பள்ளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, மதில் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தினமும் அங்கே வந்துதான் உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவன் ஏணியில் காலை நீட்டி நீட்டி வைத்து, ஒரு முட்டியை மடக்காமல் இறங்குவதைப் பார்த்தாள். நீல வெளிச்சம் பள்ளத்திலிருந்து விட்டுவிட்டு வந்தது. தண்டவாளத் துண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசித் துண்டு வந்த பிறகும் அவன் வரவில்லை. கூட இருந்தவன் இரண்டு தடவை கூப்பிட்டான்.

வெகு நேரம் கழித்து மேலே வந்தான். இடுப்புவரை சேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நகராட்சி ஆட்களிடம் ஒன்றும் சொல்லாமல், கயிற்றைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணாந்து பாத்தேன்," என்றான்.

அவள் பள்ளத்தையே பார்த்தாள்.

"கேலரியோட முன்னங்கால் நாலும் அந்தரத்துல நிக்குது. கீழ மண்ணே கிடையாது. இத்தனை தடிமன்ல புல்லுதான்." விரலால் காட்டினான். "வேரெல்லாம் கீழ தொங்குது, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு. நான் கோல் போட்டப்ப அத்தனை பேரும் குதிச்சாங்கல்ல. அதைத் தாங்கினது அந்த வேருதான்."

பள்ளத்தோரம் நகராட்சி ஆட்கள் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா எனக்கு உன் மேல இன்னும் கோவம் போகலக்கா," என்றான்.

"போகாதுடா," என்றாள் அவள். "எனக்கே என் மேல போகல."

அவன் எழ முயன்றான். முட்டி இடம் கொடுக்கவில்லை. அவள் முதலில் எழுந்து, சேறு படிந்த அவன் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். எழுந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. அதே பிடியில், அவள் தோளில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வீட்டுக்கு நடந்தான்.